நிறுத்திய இடத்தில் நிற்க: பேட்டரி சைக்கிளுக்கு ஏற்ற ஸ்டாண்டு

எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்க வருகிறவர்கள் கடையில் இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேட்கிறார்கள். ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும்? பேட்டரி எத்தனை வருடம் வரும்? ஸ்டாண்டு எத்தனை கிலோ தாங்கும் என்று கேட்பவர் அரிது. ஆனால் எந்த சைக்கிளும் ஓடுகிற நேரத்தைவிட நிற்கிற நேரம்தான் அதிகம். அலுவலக வாசலிலும், அடுக்குமாடி வீட்டின் மாடிப்படிக்குக் கீழும், காய்கறிக் கடை ஓரத்திலும் நாள் முழுக்க நிற்கும் அந்த வண்டியை ஒரேயொரு மெல்லிய அலுமினியக் கால் தாங்கிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கால் சறுக்கினால் செலவு சின்னதாக இருக்காது. வண்டி வலப்பக்கம் விழுந்தால் முதலில் அடிபடுவது பின்சக்கரத்தின் கியர் மாற்றி. அதைத் தாங்கும் சின்னக் கொக்கி கொஞ்சம் வளைந்தாலும் போதும். அடுத்த முறை பெரிய பல்லுக்கு மாற்றும்போது கியர் மாற்றி போக்ஸ் கம்பிக்குள் நுழைந்துவிடும். இடப்பக்கம் விழுந்தால் பிரேக் பிடியும் டிஸ்கும் வளையும். ஹேண்டில்பாரில் இருக்கும் திரை எந்தப் பக்கம் விழுந்தாலும் தப்பாது. பேட்டரிப் பெட்டி கல்லிலோ படியின் விளிம்பிலோ பலமாக மோதியிருந்தால், கடையில் காட்டிச் சரிபார்க்கும்வரை அதைச் சார்ஜில் போடக்கூடாது. உள்ளே செல் நசுங்கியிருப்பது வெளியே தெரியாது.

பழைய சைக்கிள் அறிந்திருந்த விஷயம்

எடை அதிகம், அதனால்தான் விழுகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. நம் ஊரில் தலைமுறைகளாக ஓடிய கறுப்புச் சைக்கிளும் லேசான வண்டி அல்ல. 1949இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ் ஆகட்டும், வேறு பெயரில் வந்தவை ஆகட்டும், அந்த இரும்பு வண்டிகள் ஏறக்குறைய 20 கிலோ இருந்தன. இன்றைய பேட்டரி சைக்கிள்கள் பெரும்பாலும் 20 முதல் 25 கிலோ. பெரிய வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் ஸ்டாண்டில் இருக்கிறது. கறுப்புச் சைக்கிளுக்குப் பின்சக்கரத்தின் ஆக்ஸிலில் இரண்டு கால்களோடு ஒரு இரும்பு ஸ்டாண்டு தொங்கும். கேரியரைப் பிடித்து, ஸ்டாண்டின் வாலைக் காலால் மிதித்து, வண்டியைப் பின்னுக்கு இழுத்தால் பின்சக்கரம் தரையைவிட்டு எழும்பி, இரண்டு கால்களும் முன்சக்கரமுமாக வண்டி நேராக நின்றுவிடும். பால் கேன்களை இரு பக்கமும் தொங்கவிட்டபடி, கேரியரில் கேஸ் சிலிண்டரைக் கட்டியபடி, இரவில் டீ கேனை வைத்து அப்படியே தெருவோரக் கடையாக்கியபடி அந்த ஸ்டாண்டு நின்றிருக்கிறது. அதைச் செய்தவர்கள் சுமையை முதலில் மனதில் வைத்துச் செய்தார்கள்.

பிறகு கியர் சைக்கிள் வந்தது. எடை 15 கிலோ அளவுக்கு இறங்கியது, கேரியரும் போயிற்று. அதற்கு ஒற்றைக்கால் சைடு ஸ்டாண்டு போதுமானதாக இருந்தது. பேட்டரி சைக்கிளை உருவாக்கியபோது பல நிறுவனங்கள் இந்த கியர் சைக்கிளின் சட்டத்தில்தான் மோட்டாரையும் பேட்டரியையும் ஏற்றின. எடை மறுபடி கறுப்புச் சைக்கிளின் அளவுக்கே ஏறிவிட்டது. ஸ்டாண்டு மட்டும் கியர் சைக்கிளுக்கு வந்ததாகவே தங்கிவிட்டது. வாங்குகிறவர் சரிசெய்ய வேண்டியது இந்தப் பொருத்தமின்மையைத்தான்.

சட்டமும் இதில் துணைக்கு வராது. மோட்டார் 250 வாட்டுக்குள்ளும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள்ளும் இருந்தால் இந்தியாவில் அது மோட்டார் வாகனம் ஆகாது. பதிவும் வேண்டாம், ஓட்டுநர் உரிமமும் வேண்டாம். அதனால் இருசக்கர மோட்டார் வாகனங்களின் ஸ்டாண்டுகளுக்கென்று உள்ள ஏ.ஐ.எஸ். 146 என்ற தரநிலையும் இவற்றைக் கட்டுப்படுத்தாது. ஓசூரில் தயாராகும் ஏத்தர், டி.வி.எஸ். ஐக்யூப் போன்ற எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்களில் சைடு ஸ்டாண்டு கீழே இருந்தால் ஆக்சிலரேட்டரைத் திருகினாலும் வண்டி நகராது. பேட்டரி சைக்கிள்களில் பெரும்பாலானவற்றில் அந்தப் பாதுகாப்பு கிடையாது.

எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது

சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கும் சைக்கிள் முக்காலியைப் போல மூன்று இடங்களில் தரையைத் தொடுகிறது: முன்சக்கரம், பின்சக்கரம், ஸ்டாண்டின் நுனி. வண்டியின் எடைமையத்திலிருந்து நேர் கீழே கோடு போட்டால் அது இந்த முக்கோணத்துக்குள் விழ வேண்டும். வெளியே போனால் வண்டி விழும். கணக்கு இவ்வளவுதான்.

ஆனால் பேட்டரி சைக்கிளில் எடைமையம் மாடலுக்கு மாடல் மாறுகிறது. 500 வாட்-மணி பேட்டரி ஒன்று கிட்டத்தட்ட 3 கிலோ இருக்கும். மோட்டாரும் ஏறக்குறைய அவ்வளவே. இந்த 6 கிலோ எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. பின்சக்கர ஹப்பில் மோட்டாரும் கேரியருக்குக் கீழே பேட்டரியும் உள்ள வண்டியில் எடை பின்னால் குவிகிறது. பெடல் அச்சில் மோட்டாரும் சாய்குழாயில் பேட்டரியும் இருந்தால் எடை நடுவில், கொஞ்சம் தாழ்வாக அமைகிறது. முன்சக்கர ஹப்பில் மோட்டாரை மாட்டும் கிட் வாங்கிப் பழைய சைக்கிளை மாற்றியிருந்தால், பாரம் முன்னால் போய்விடுகிறது.

ஸ்டாண்டின் நுனி எந்த இடத்தில் தரையைத் தொடுகிறதோ அங்கேதான் முக்கோணம் அகலமாக இருக்கும். அங்கிருந்து இரண்டு சக்கரங்களையும் நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். ஆகவே எடை குவிந்திருக்கும் இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் ஸ்டாண்டு இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கேரியரில் தினமும் பள்ளிப் பையோ மளிகைப் பையோ ஏறும் வண்டிக்குப் பின்சக்கரத்தை ஒட்டிய ஸ்டாண்டு பொருந்தும். முன்கூடையில் சாமான் வைப்பவர் அதே ஸ்டாண்டை மாட்டினால், கூடையில் இரண்டு தேங்காய் வைத்ததுமே ஹேண்டில் திரும்பி வண்டி சரியும்.

சாய்வின் அளவையும் எண்ணில் பார்த்துவிடலாம். எடைமையம் தரையிலிருந்து 60 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டி இடப்பக்கம் 10 பாகை சாய்ந்து நின்றால் எடைமையம் சுமார் 10 செ.மீ. இடப்பக்கம் நகரும். அது நல்ல நிலை. நிற்கும் தரையே வலப்பக்கம் 5 பாகை சரிந்திருந்தால் வண்டியின் சாய்வு 5 பாகைதான் மிஞ்சும். எடைமையம் 5 செ.மீ. மட்டுமே இப்பக்கம் இருக்கும். பக்கத்து வண்டியை எடுப்பவரின் முழங்கை பட்டாலே வலப்பக்கம் கவிழ்ந்துவிடும். தரை இடப்பக்கம் சரிந்திருந்தாலோ சாய்வு 15 பாகையாகி, எடைமையம் 15 செ.மீ.க்கு மேல் நகர்ந்து, பாரத்தில் பெரும்பங்கு ஸ்டாண்டின் மேல் இறங்கும். கேரியரில் 10 கிலோ அரிசிப் பையையும் வைத்தால் எடைமையமே 69 செ.மீ. அளவுக்கு உயர்ந்துவிடும். வெறும் வண்டியாகக் கடையில் அழகாக நின்றது சந்தையில் விழுவதன் காரணம் இதுதான்.

எந்த ஸ்டாண்டு

சந்தையில் கிடைப்பவற்றை மூன்றாகப் பிரிக்கலாம். முதலாவது, பெடல் அச்சுக்குப் பின்னால், பின்சக்கரத்துக்குப் போகும் இரண்டு குழாய்களுக்கும் நடுவில் ஒரே போல்ட்டால் இறுக்கும் ஒற்றைக்கால். விலை குறைவு, எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் பேட்டரி சைக்கிளுக்கு இதில் இரண்டு தொல்லைகள். ஸ்டாண்டு கீழே இருக்கும்போது வண்டியைப் பின்னுக்குத் தள்ளினால் இடப்பக்க பெடல் சுற்றிவந்து அதில் முட்டும். இன்னொன்று இதைவிடப் பெரியது: மோட்டார் வயரும் பிரேக் கேபிளும் அந்தக் குழாய்களின் அடிப்பக்கமாகத்தான் பெரும்பாலும் ஓடுகின்றன. கவனிக்காமல் இறுக்கினால் ஸ்டாண்டின் தகடு வயரை நசுக்கும். அன்றைக்கே எதுவும் தெரியாது. சில மாதம் கழித்து மழைநாளில் மோட்டார் விட்டுவிட்டு ஓடும். கோளாறைக் கண்ட்ரோலரில் தேடுவார்கள்.

நடுவில் மோட்டார் உள்ள வண்டிகளில் இந்த ஸ்டாண்டுக்கு இடமே இருக்காது. அதனால் ஐரோப்பிய பேட்டரி சைக்கிள்களில் ஸ்டாண்டு பின்சக்கரத்தை ஒட்டி இடப்பக்கக் குழாய்க்கு நகர்ந்துவிட்டது. இதுதான் இரண்டாவது வகை. குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புக்குப் பதிலாக, சட்டத்திலேயே இரண்டு துளைகளை வைத்து அதில் ஸ்டாண்டை நேரடியாகப் பூட்டும் முறை அங்கே பரவியிருக்கிறது. துளைகளுக்கு நடுவே 18 மி.மீ. இருந்தால் கே.எஸ்.ஏ. 18, 40 மி.மீ. இருந்தால் கே.எஸ்.ஏ. 40. கனமான வண்டிகளுக்கு வந்தது கே.எஸ்.ஏ. 40. சுவிட்சர்லாந்தின் பிளெச்சர், ஜெர்மனியின் ஹெபி, இத்தாலியின் உர்சுஸ் ஆகிய நிறுவனங்களின் ஸ்டாண்டுகளில் இந்த எண்களைப் பார்க்கலாம். இணையத்தில் வாங்குபவர்கள் முதலில் தங்கள் வண்டியில் துளை இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஸ்கேல் வைத்து இடைவெளியை அளந்துவிட வேண்டும். 18க்கு வாங்கியது 40இல் ஏறாது. துளை இல்லாத வண்டிக்குக் கிளாம்பு வகையும் உண்டு. டிஸ்க் பிரேக்கின் காலிப்பரில் அது இடிக்கிறதா என்று மாட்டிப் பார்த்த பிறகே காசு கொடுப்பது நல்லது. கார்பன் சட்டத்தில் எந்தக் கிளாம்பையும் இறுக்கவே கூடாது.

மூன்றாவது இரட்டைக்கால் ஸ்டாண்டு. பெடல் அச்சுக்குப் பின்னால் மாட்டி இரண்டு பக்கமும் கால் விரிப்பது. தமிழ்நாட்டுச் சாலைகளில் கேரியரோடு ஓடும் பேட்டரி சைக்கிளுக்கு இதைத்தான் இந்த நூல் பரிந்துரைக்கிறது. தரையின் பக்கவாட்டுச் சரிவு இதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை, சுமை ஏற்றும்போது வண்டி நேராக நிற்கிறது, பஞ்சர் பார்க்கவும் செயினுக்கு எண்ணெய் விடவும் ஒரு சக்கரம் தூக்கியே இருக்கிறது. எந்தச் சக்கரம் தூக்கும் என்பதை எடை முடிவு செய்யும். பின்னால் பாரமிருந்தால் பின்சக்கரம் தரையில் பதிந்து முன்சக்கரம் அந்தரத்தில் ஆடும். ஸ்டாண்டில் ஏற்றுவது கடினம் என்று பலர் தயங்குகிறார்கள். கையால் இழுப்பதால்தான் கடினமாகிறது. இடக்கையால் ஹேண்டிலையும் வலக்கையால் சீட்டின் பின்பக்கத்தையும் பிடித்து, இரண்டு கால்களும் தரையைச் சமமாகத் தொடுகின்றனவா என்று பார்த்து, உடம்பின் பாரத்தை மிதிக்கும் காலில் இறக்கினால் வண்டி தானாக ஏறும். வயதானவர்களுக்கும் இது முடியும்.

சுமை வண்டிகளின் உலகம் இதை இன்னும் முன்னே கொண்டுபோயிருக்கிறது. உர்சுஸ் நிறுவனத்தின் ஜம்போ என்ற இரட்டைக்கால் ஸ்டாண்டு 80 கிலோ வரை தாங்கும் என்று குறிக்கப்பட்டது. தைவானின் டெர்ன் நிறுவனம் 2017இல் அறிமுகப்படுத்திய ஜி.எஸ்.டி. என்ற எலெக்ட்ரிக் சுமை சைக்கிள், ஆளும் சரக்கும் வண்டியும் சேர்த்து 200 கிலோ வரை போகும். நீளமோ சாதாரண சைக்கிளின் அளவான 180 செ.மீ.தான். அகலக் கால் விரிக்கும் ஸ்டாண்டை அதற்கென்றே தயாரித்தார்கள். வீட்டில் இடமில்லாதவர்களுக்காக வண்டியைப் பின்கேரியரின் மேல் செங்குத்தாக நிமிர்த்தி நிறுத்தும் வசதியும் வைத்தார்கள். நிற்பதையும் வடிவமைப்பின் ஒரு பகுதியாக எடுத்துக்கொண்ட வண்டி அது.

எதை வாங்கினாலும் அட்டையில் எழுதியிருக்கும் தாங்குதிறனைப் படிக்க வேண்டும். 25 கிலோ வரை என்று போட்ட ஒற்றைக்கால்கள் சந்தையில் நிறைய. வண்டியே 24 கிலோ என்றால் மிச்சம் ஒரு கிலோ. மதிய உணவுப் பை அதற்கு மேல் வரும்.

பழைய ஸ்டாண்டையே மாட்டலாமா

கறுப்புச் சைக்கிளின் ஸ்டாண்டு அவ்வளவு நல்லது என்றால் அதையே வாங்கிப் பூட்டலாமே என்று தோன்றும். பல ஊர்களில் சைக்கிள் கடைக்காரர்களிடம் வாடிக்கையாளர்கள் இதைக் கேட்கிறார்கள். மோட்டார் நடுவிலோ முன்சக்கரத்திலோ இருந்து, பின்சக்கரத்தில் சாதாரண ஹப்பும் நட்டும் இருந்தால், ஸ்டாண்டு சக்கர அளவுக்கும் பிரேக்குக்கும் ஒத்துப்போகும் பட்சத்தில் மாட்டலாம்.

பின்சக்கர ஹப்பிலேயே மோட்டார் இருந்தால் வேண்டாம். சாதாரண சைக்கிள் ஆக்ஸில் 10 மி.மீ. அளவுடையது, ஹப் மோட்டாரின் ஆக்ஸில் பொதுவாக 12 மி.மீ., இரண்டு பக்கமும் தட்டையாகச் சீவப்பட்டது. பழைய ஸ்டாண்டின் துளையில் அது நுழையாது. துளையைப் பெரிதாக்கி நுழைத்தாலும் ஆபத்து தீராது. மோட்டார் சக்கரத்தை முன்னால் சுழற்றும்போது அதே விசை ஆக்ஸிலைப் பின்னுக்குத் திருகப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் பல்வைத்த வாஷரும், சட்டத்தோடு பிணைக்கும் கைத்தகடும் இருக்கின்றன. இடையில் ஸ்டாண்டின் தகடு புகுந்தால் நட்டுக்குப் பிடிமானம் குறையும், வாஷரின் பல் அதன் பள்ளத்தில் உட்காராது. ஆக்ஸில் ஒருமுறை திரும்பிவிட்டால், அதன் நுனி வழியே வெளியே வரும் மோட்டார் வயர் முறுக்கிக்கொண்டு அறுந்துவிடும்.

நீளம் சரியாக இருக்க வேண்டும்

ஸ்டாண்டை மாற்றுவதற்கு முன்னால், இருக்கும் ஸ்டாண்டின் நீளத்தைப் பார்க்க வேண்டும். விழும் வண்டிகளில் கணிசமானவற்றுக்கு இதுவே தீர்வு. கால் நீளமாக இருந்தால் வண்டி நிமிர்ந்து நின்று வலப்பக்கம் விழப் பார்க்கும். குட்டையாக இருந்தால் அதிகம் சாய்ந்து, ஹேண்டில் இடப்பக்கம் மடங்கி, முன்சக்கரம் உருண்டு நழுவும்.

சமதளமான சிமெண்டுத் தரையில், வழக்கமாக வைக்கும் காற்றழுத்தத்தோடு, பேட்டரியை மாட்டிய நிலையில் வண்டியை நிறுத்த வேண்டும். செல்போனில் இருக்கும் சாய்வுமானியைத் திறந்து, சீட்டுக்குக் கீழே இறங்கும் குழாயின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தால் பாகை தெரியும். 8 முதல் 12 வரை இருந்தால் சரி. போன் இல்லாமலும் பார்க்கலாம். வண்டிக்குப் பின்னால் நின்று, சீட்டில் ஒரு விரலை வைத்து வலப்பக்கமாக மெதுவாகத் தள்ள வேண்டும். தொட்டதுமே எழுந்துவிட்டால் கால் நீளம். வண்டி கனமாகச் சாய்ந்து கிடந்து, ஹேண்டில் தானாக மடங்கினால் கால் குட்டை.

இன்றைய ஸ்டாண்டுகளில் பெரும்பாலானவை நீட்டிக் குறைக்கத் தக்கவை. காலின் நடுவில் ஒரு பொத்தான் இருக்கும், அல்லது பின்பக்கம் ஒரு சின்ன ஸ்க்ரூ. துளை ஒன்றுக்கு ஒன்று மாற்றி ஒவ்வொரு முறையும் நிறுத்திப் பார்ப்பது நல்லது. பிளெச்சர் போன்ற சில ஸ்டாண்டுகளில் கால் ஒரே தண்டு. வெட்டிக்கொள்ள வேண்டிய கோடுகள் அதிலேயே போட்டிருக்கும். ஹேக்சாவால் ஒரே வெட்டில் முடிக்கப் பார்க்கக்கூடாது. அனுபவமுள்ள கடைக்காரர் முதல் கோட்டில் அறுத்து, பிசிரை அரத்தால் தேய்த்து, ரப்பர் மூடியைப் போட்டு நிறுத்துவார். நாலடி பின்னே தள்ளிப்போய் வண்டியைப் பார்ப்பார். “இன்னும் ஒரு கோடு எடுக்கலாமாண்ணே?” என்று வாடிக்கையாளர் கேட்டால், “முதல்ல கேரியர்ல உங்க பையை வைங்க” என்பார். பையோடு பார்த்த பிறகுதான் அடுத்த வெட்டு. வெட்டிய துண்டை ஒட்ட முடியாது.

தரை, சரிவு, காற்று

நல்ல ஸ்டாண்டும் தவறான இடத்தில் தோற்கும். கத்திரி வெயிலில் தார்ச்சாலை இளகும். மெல்லிய நுனி அதில் மெல்ல இறங்கி, மதியம் இரண்டு மணிக்கு நேராக நின்ற வண்டி நான்கு மணிக்குப் படுத்திருக்கும். மழைக்குப் பிந்தைய செம்மண்ணிலும் கடற்கரை மணலிலும் இதே கதைதான். உள்ளங்கை அளவுள்ள தட்டையான மரத்துண்டையோ தடித்த பிளாஸ்டிக் வில்லையையோ பையில் வைத்திருந்து நுனிக்கு அடியில் போட்டால் போதும். நுனி அகலமான ஸ்டாண்டுக்கு இந்தத் தேவையும் குறைவு.

ஏற்றத்தில் நிறுத்தினால் முன்சக்கரம் மேட்டைப் பார்த்திருக்க வேண்டும். சைடு ஸ்டாண்டு பின்பக்கமாக மடங்குவது. வண்டி முன்னுக்கு உருண்டால் ஸ்டாண்டு தானாக மடிந்துவிடும். பின்னுக்கு உருளப் பார்த்தால் அது இன்னும் இறுகும். சாலையின் ஓரம் மழைநீர் வடிவதற்காக இடப்பக்கம் சரிந்திருக்கும். அதில் போக்குவரத்தின் திசையிலேயே நிறுத்தும்போது வண்டி இயல்பைவிட அதிகமாகச் சாய்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மேடான நடைபாதையின் பக்கம் பின்சக்கரத்தை முட்டக்கொடுத்து நிறுத்துவது பல இடங்களில் மேல்.

ஆடிக்காற்றில் அம்மியே நகரும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று இறங்கும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்திலும், காற்றாலைகள் சுழலும் ஆரல்வாய்மொழியிலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒற்றைக்காலை நம்ப முடியாது. வெயிலுக்கும் மழைக்கும் போர்த்தும் உறை அங்கே பாய்மரமாகிவிடும். உறை போட்டே ஆக வேண்டுமென்றால் அடியில் கயிறு கொடுத்து இறுக்கி, சுவரோரமாக, காற்று வண்டியை ஸ்டாண்டின் பக்கம் தள்ளும்படி நிறுத்த வேண்டும்.

ஹேண்டிலையும் பிரேக்கையும் கட்டுதல்

நின்ற வண்டி விழத் தொடங்குவது பெரும்பாலும் ஹேண்டிலிலிருந்துதான். ஹேண்டில் மடங்க, முன்சக்கரம் ஒரு சாண் உருள, ஸ்டாண்டு மடிகிறது. முன்கவைக்கும் சாய்குழாய்க்கும் நடுவில் ஒரு சுருள்வில்லை மாட்டினால் ஹேண்டில் நேராகவே நிற்கப் பார்க்கும். முன்கூடை வைத்தவர்களுக்கு இது அவசியம் என்றே சொல்லலாம்.

இன்னொரு வழிக்குச் செலவே கிடையாது. பழைய சைக்கிள் டியூபைக் குறுக்கே வெட்டினால் வளையம் கிடைக்கும். அதை முன்பிரேக்கின் பிடியையும் ஹேண்டிலையும் சேர்த்து மாட்டினால் சக்கரம் உருளாது. பேட்டரி சைக்கிளில் இதற்கு இரண்டாவது பலனும் உண்டு. பல மாடல்களின் பிரேக் பிடியில் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் இருக்கிறது. பிரேக் அழுந்தியிருக்கும்வரை மோட்டார் இயங்காது. அக்கம்பக்கத்துப் பிள்ளை விளையாட்டாகத் திராட்டிலைத் திருகினாலும் வண்டி பாயாது.

இருந்தாலும் வளையத்தை நம்பிப் பவரை ஆன் செய்தே விட்டுப் போகக்கூடாது. பெடல் சுழல்வதை உணர்ந்து மோட்டாரை ஓட்டும் சென்சார் உள்ள வண்டியில், நின்ற நிலையில் யாரோ பெடலைக் காலால் சுற்றினாலே மோட்டார் உயிர்பெறும். சைடு ஸ்டாண்டில் இருந்தால் வண்டி ஸ்டாண்டைவிட்டு முன்னே தாவும். இரட்டை ஸ்டாண்டில் பின்சக்கரம் தூக்கியிருந்தால் அந்தரத்தில் சுழலும், பிள்ளைகளின் விரல் போக்ஸ் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும். முதலில் பவரை அணைத்து, பிறகு ஸ்டாண்டு போட்டு, கடைசியில் சாவியை எடுப்பது என்ற வரிசை பழக்கமாகிவிட வேண்டும்.

குழந்தை உட்காரும் வண்டி

கேரியரில் குழந்தை இருக்கை மாட்டிய வண்டிக்கு இந்த அத்தியாயத்தில் மற்ற எல்லாவற்றையும்விட ஒரு விதி முக்கியம். குழந்தையை உட்காரவைத்துவிட்டு, ஸ்டாண்டை நம்பி, வண்டியைவிட்டுக் கையை எடுக்கவே கூடாது. இரட்டை ஸ்டாண்டு என்றாலும் கூடாது. 15 கிலோ குழந்தை கேரியரின் உயரத்தில் ஒரு பக்கம் சாய்ந்து நாய்க்குட்டியைப் பார்த்தாலே எடைமையம் முக்கோணத்தின் விளிம்புக்குப் போய்விடும். இருக்கையின் பெல்ட் குழந்தையை வண்டியோடு பிணைத்திருப்பதால், வண்டி விழும்போது குழந்தையும் அந்த உயரத்திலிருந்து தலைகீழாக விழும். மற்ற பைகளை முதலில் ஏற்றி, ஹெல்மெட்டை மாட்டி, கடைசியாகக் குழந்தையை ஏற்ற வேண்டும். இறக்கும்போது குழந்தைதான் முதல். மளிகைக் கடையில் “ரெண்டு நிமிஷம்தானே” என்று விட்டுப் போகாமல், குழந்தையை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போவதே சரி.

சார்ஜ் போடும்போதும், பிறகும்

வண்டியிலேயே பேட்டரியைச் சார்ஜ் போடுபவர்கள் வயர் நடைபாதையின் குறுக்கே போகாமல் பார்க்க வேண்டும். தவிர்க்க முடியாவிட்டால் சார்ஜரை ஸ்டாண்டு இருக்கும் பக்கத்தில், அதாவது இடப்பக்கத்தில் வைப்பது நல்லது. யார் காலிலாவது வயர் சிக்கினாலும் இழுப்பு வண்டியை ஸ்டாண்டின் மேல்தான் சாய்க்கும். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோகிறவர்கள் ஒரு கையால் பேட்டரியை இழுக்கும்போது மறு கையால் சீட்டைப் பிடித்திருக்க வேண்டும். சில பேட்டரிகள் இறுக்கமாக இருந்து திடீரென்று வெளியே வரும். சாய்வு ஏற்கெனவே குறைவாக உள்ள வண்டி அந்த உதறலில் மறுபக்கம் கவிழும்.

கடைத்தெருக்களிலும் நிலையங்களிலும் முன்சக்கரத்தை மட்டும் செருகி நிறுத்தும் இரும்புச் சட்டங்கள் உண்டு. அகலமான டயர் அதில் நுழையாது. நுழைந்தாலும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் முழு எடையும் ரிம்மையும் டிஸ்கையும் வளைக்கும். அங்கே சொந்த ஸ்டாண்டைப் போட்டுவிட்டுச் சட்டத்தைப் பூட்டுச் சங்கிலிக்கு மட்டும் பயன்படுத்தலாம்.

ஸ்டாண்டின் போல்ட்டு முதல் ஒரு மாதத்தில் ஒருமுறையாவது தளரும். ஸ்பேனரால் இறுக்கும்போது குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு டியூப் துண்டைக் கொடுத்தால் பெயிண்டு போகாது, வழுக்கவும் வழுக்காது. வலுவைக் காட்டி இறுக்கினால் அலுமினியக் குழாய் நசுங்கும். சுருள்வில் தளர்ந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஸ்டாண்டை மடக்கிவிட்டு வண்டியின் பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கித் தரையில் போட்டுப் பார்க்கலாம். கால் துள்ளிக் கீழே வந்தால் வேகத்தடையிலும் வரும். இடப்பக்கம் திரும்பும்போது அது தரையில் குத்தினால் வண்டி ஆளைத் தூக்கி எறிந்துவிடும், ஆகவே வில்லை அன்றைக்கே மாற்ற வேண்டும். நுனியின் ரப்பர் மூடிதான் சீக்கிரம் தேயும். அது ஓட்டையாகி உலோகம் வெளியே தெரிந்தால் டைல்ஸ் தரையில் ஸ்டாண்டு வழுக்கத் தொடங்கும். அதே மூடி கடையில் கிடைக்காவிட்டால், காலின் தடிமனை அளந்துகொண்டு மருத்துவ உபகரணக் கடைக்குப் போகலாம். கைத்தடிகளுக்கு அடியில் மாட்டும் ரப்பர் பல அளவுகளில் அங்கே இருக்கும்.